மாம்பழம் இல்லையெண்டு சொன்ன நாள்

தம்பி,

உன்ரை சுகத்தைக் கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை பாத்தனான்தானே, நல்லாத்தான் இருந்தனீ, ஆட்டிறைச்சிக் கறிக்கு மூண்டாம் முறையும் சோறு போட்டனீ. என்ரை சுகத்தையும் எழுதேல்லை. பிரஷருக்குக் குளிசை போடுறன், படி ஏறேக்கை முழங்கால் கத்துது, அவ்வளவுதான். உன்ரை பழைய அறையிலை, நீ ஏ லெவலுக்குப் படிச்ச மேசையிலை இருந்து எழுதுறன். முதல் ஃபோனிலை குரல் பதிஞ்சு அனுப்புவம் எண்டுதான் நினைச்சனான். அம்மா விடேல்லை. "நீங்கள் கதைச்சா இரண்டாம் நிமிசம் கோபம் வந்திடும். எழுதுங்கோ. எழுதேக்கை கை நோகும், கை நொந்தா வாய் அடங்கும்" எண்டா. முப்பத்தொன்பது வருசமா மனிசி சொல்லுறதெல்லாம் சரியாத்தான் இருக்கு, அதுதான் எனக்குப் பொறுக்க ஏலாது.

ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து தொடங்கிறன். சுபாவையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குப் போறாய், ஒரு வானை வாடகைக்கு எடுத்து, சிட்னியிலை இருந்து நடு நாட்டுக்குள்ளாலை அந்தச் சிவப்புக் கல்லு மலை மட்டும் ஓடப்போறாய், ஆறு கிழமை லீவு எண்டு போன மாசம் சொன்னனீ. அண்டையிலை இருந்து எனக்குக் கால் நிலத்திலை படேல்லை. இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னம் நாங்கள் நாலு பேரும் ஓடின அதே றோட்டு. பழைய மேப்பைத் தேடி எடுத்து, மடிப்புக் கிழிஞ்ச இடமெல்லாம் ரேப் ஒட்டி, எங்கை பெற்றோல் அடிக்கவேணும், எங்கை பொழுதுபட முன்னம் நிக்கவேணும், எங்கை கங்காரு குறுக்கை பாயும் எண்டு சிவப்புப் பேனையாலை குறிச்சு, சாப்பாட்டு மேசையிலை விரிச்சு வைச்சிருந்தனான். நீயும் "ஓம் அப்பா, ஓம் அப்பா" எண்டு தலையாட்டிக்கொண்டிருந்தனீ. மாயா வந்து மேப்பிலை விரலை வைச்சாள். அப்பப்பா, என்ரை கட்டில் முதலே கப்பல்லை போயிட்டுது, நாங்கள் இனி அங்கைதானே இருக்கப்போறம், நீங்கள் ஏன் திரும்பி வாற வழியையும் கீறி வைச்சிருக்கிறியள் எண்டு தன்ரை இங்கிலிஷிலை கேட்டாள்.

ஏழு வயசுப் பிள்ளை. அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிச்சு. அம்மா அகப்பையைக் கறிச்சட்டிக்குள்ளை வைச்சபடி அப்பிடியே நிண்டா. சுபா தன்ரை தட்டைப் பாத்தாள். நீ என்னைப் பாக்கேல்லை, அம்மாவையும் பாக்கேல்லை, பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு ஹோலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினனீ. எங்கடை வீட்டுக் கதவு உனக்குத் தெரியும்தானே, மூச்சு விட்டாலும் இஞ்சாலை கேக்கும். "சொல்லாதை எண்டு சொன்னனான்தானே, உன்னை நம்பித்தானே சொன்னனான், இப்பிடிச் செய்யலாமோ?" எண்டு நீ சொன்னது கேட்டது. நீ கத்தேல்லை. கத்தியிருந்தாப் பரவாயில்லை. திரும்பி வந்தவளிட்டை "ஐஸ்கிரீம் வேணுமோ குஞ்சு?" எண்டு கேட்டன். ஐஸ்கிரீமுக்கு, தம்பி, வெறும் ஐஸ்கிரீமுக்கு, அவள் பதில் சொல்ல முன்னம் உன்ரை முகத்தைப் பாத்தாள்.

அந்தப் பார்வைக்காகத்தான் இதை எழுதுறன். நீங்கள் ஒரேயடியாப் போறதுக்காக இல்லை, அது வேறை கதை, அதுக்கும் வாறன். அந்தப் பார்வை எனக்குத் தெரிஞ்ச பார்வை. அதை நான்தான் இந்த வீட்டுக்குள்ளை கொண்டு வந்தனான். எப்பிடி எண்டு உனக்குச் சொல்லாமல் உன்னைப் பிளேன் ஏத்தினா, எனக்குப் பேந்து நித்திரை வராது. அதுக்கு அந்தப் பயணத்தை முதலிலை இருந்து சொல்லவேணும். உனக்கு அப்ப ஒன்பது வயசு, தங்கச்சிக்கு அஞ்சு. நீ ஞாபகம் வைச்சிருக்கிற பயணம் வேறை, நான் ஓடின பயணம் வேறை.

அப்ப எங்கடை பாஸ்போட் புதிசு. பன்னிரண்டு வருசம் அகதிக் காகிதத்தோடை திரிஞ்ச எனக்கு அதைக் கையிலை எடுத்த நாளே எங்கையாவது போகவேணும் போலை கிடந்தது. ஊருக்குப் போக ஏலாத காலம். சிட்னியிலை பெரியப்பாவின்ரை மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தது. கலியாணம் எல்லாருக்கும் சொல்லுற சாட்டு. எனக்கு உண்மையிலை வேண்டியது அந்த றோட்டுத்தான். நான் வேலை செய்த பெற்றோல் ஸ்ரேசனுக்கு லொறி ஓடுற ஒரு அவுஸ்திரேலியாக்காரன் தேத்தண்ணி குடிக்க வருவான். அவன்தான் ஒருநாள் சொன்னான், எங்கடை நாட்டு நடுவுக்குள்ளை ஒரு றோட்டு இருக்கு, நாள் முழுக்க ஓடினாலும் உன்னை ஒருத்தனும் மறிக்கமாட்டான் எண்டு. சும்மா சொன்னான், சொல்லிப்போட்டுச் சில்லறையை எடுத்துக்கொண்டு போட்டான். நான் இரண்டு வருசம் அதையே நினைச்சுக்கொண்டு பெற்றோல் வித்தனான். எங்கடை வீட்டிலை இருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்குப் பதினொரு மைல். அந்தப் பதினொரு மைலுக்குள்ளை சைக்கிளாலை எத்தினை தரம் இறங்கி, எத்தினை தரம் அடையாள அட்டையை நீட்டி, எத்தினை தரம் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தனான் எண்டு எண்ணி முடியாது. ஒருத்தனும் மறிக்காத றோட்டு எண்டா அது எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்கா ஓடிப் பாக்கவேணும் போலை இருந்தது.

பெரியப்பா சிரிச்சார். "உனக்கென்ன விசரே? அங்கை பாக்க என்ன கிடக்கு, மண்தானே." "மண்ணைத்தான் பாக்கப்போறன் அண்ணை" எண்டன். தன்ரை பழைய நீட்டுக் காரைத் தந்தார், ஏசி இருமிக்கொண்டு வேலை செய்யும். பெரியம்மா ஒரு பெட்டி மாம்பழத்தைத் தூக்கிப் பின்னாலை வைச்சா. "பிள்ளையளுக்கு வழியிலை குடுங்கோ, அங்கை கடை கண்ணி ஒண்டுமில்லை." அந்தப் பழத்தின்ரை மணம் இருக்கே, கார் முழுக்க, சீற்றுத் துணிக்குள்ளை எல்லாம் ஏறிப்போச்சு. நீலமலையைத் தாண்டி, ஆட்டுப் பண்ணையளைத் தாண்டி, மரம் குறைஞ்சு குறைஞ்சு வந்து, ஒரு இடத்துக்குப் பிறகு பச்சை எண்ட சாமானே இல்லாமல் போச்சு. நிலம் சிவப்பு. வானம் நீலம். நடுவிலை றோட்டு, நேரா, பிழை விடாமல் கீறின கோடு மாதிரி. தூரத்திலை றோட்டிலை தண்ணி நிக்கிறது போலை தெரியும், கிட்டப் போகப் போகத் தண்ணி பின்வாங்கும். நீ "அப்பா, கெதியா ஓடுங்கோ, இந்த முறை பிடிச்சிடுவம்" எண்டுவாய். நானும் உண்மையாவே பிடிக்கப் பாப்பன். தங்கச்சி வாயைத் திறந்தபடி நித்திரை. அம்மா காலைத் தூக்கி டாஷ்போட்டிலை வைச்சிருந்தா. லண்டனிலை உன்ரை அம்மா காலைத் தூக்கி வைச்சு நான் ஒருநாளும் காணேல்லை, அவவுக்கு எப்பவும் ஒரு ஷிப்ட் முடியும், இல்லாட்டி ஒரு ஷிப்ட் தொடங்கும். ஈமு ஒண்டு வேலிக்கரையாலை எங்களோடை கொஞ்சத் தூரம் ஓடி வந்து, அலுத்துப்போய் நிண்டுது. மணித்தியாலத்துக்கு ஒரு வாகனம் எதிரை வரும், அதிலை வாறவன் ஸ்ரியறிங்கிலை இருந்து ஒரு விரலைத் தூக்கி எங்களுக்கு வணக்கம் சொல்லுவான். ஆர் எண்டே தெரியாத மனிசன். நானும் தூக்கினன். இரண்டு நாள் அப்பிடி ஓடினன், தம்பி. நான் முழிச்சிருக்கிறனோ, கனவிலை ஓடுறனோ எண்டு எனக்கே தெரியேல்லை. அந்த இரண்டு நாளும் என்ரை தோள் இரண்டும் இறங்கியிருந்தது எண்டு அம்மா பேந்து சொன்னா.

மூண்டாம் நாள் காலமை, மாநில எல்லை கிட்ட வர வர, றோட்டுக்கரையிலை போர்டுகள் வந்தது. பழம் கொண்டு போகக் கூடாது, பழ ஈ பரவும், இருக்கிறதைத் தொட்டியிலை போடுங்கோ எண்டு. அம்மா போர்டை வாசிச்சுப்போட்டு, "இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ, போட்டிட்டுப் போவம்" எண்டா. நான்தான் விடேல்லை. "அண்ணை தந்த பழத்தைக் குப்பையிலை போடுறதோ? நீர் சும்மா இரும். சாப்பிடுவம்." கரையிலை நிப்பாட்டி, நாலு பேரும் குனிஞ்சு நிண்டு, முழங்கை வரைக்கும் சாறு வழிய வழிய, இலையான் மூக்கிலையும் வாயிலையும் மொய்க்க மொய்க்கச் சாப்பிட்டம். தங்கச்சி சட்டையைக் கழட்டிப்போட்டுச் சாப்பிட்டாள். அதுக்கு மேலை ஏலாது எண்டு எல்லாரும் வயித்தைத் தடவேக்கை ஆறு பழம் மிச்சம். அம்மா தொட்டியிலை போடுவம் எண்டா. பின்னேரம் சாப்பிடலாம் எண்டு நான்தான் துவாயிலை சுத்திச் சீற்றுக்குக் கீழை வைச்சன்.

பிறகு ஒரு வளைவு. வளைவாலை திரும்ப, றோட்டுக்குக் குறுக்கை தடை. ஒரு கொட்டில், ஒரு தொப்பி, காக்கிச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தூக்கின கை.

உனக்கு அது பழம் பாக்கிற ஒரு மனிசன். எனக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது? மூளைக்குத் தெரியும் அது பழம் பாக்கிற மனிசன் எண்டு. வாய்க்குத் தெரியாது. அவன் குனிஞ்சு, நல்லாச் சிரிச்சு, பழம் மரக்கறி ஏதும் கிடக்கோ எண்டு கேட்டான். "நோ, சேர். நத்திங், சேர்" எண்டன். ஒரு பெற்றோல் ஸ்ரேசன் மனேஜர், பிரிட்டிஷ் பாஸ்போட்காரன், பழத்துக்கு இரண்டு 'சேர்' போட்டவன். பின் சீற்றிலை இருந்து உன்ரை சத்தம் வந்தது. "அப்பா மறந்திட்டார்! சீற்றுக்குக் கீழை ஆறு மாம்பழம் இருக்கு!" எண்டு அவனுக்குச் சொன்னாய். நீ என்னைக் காட்டவேணும் எண்டு சொல்லேல்லை. அப்பா மறந்து போனார், உதவி செய்யவேணும் எண்டு சொன்னாய். உன்ரை குரலிலை அது வடிவாத் தெரிஞ்சது. அவனும் பெரிசு பண்ணேல்லை. இனி இப்பிடிச் சொல்லாதையுங்கோ எண்டு எனக்கு மரியாதையாச் சொல்லிப்போட்டு, பழத்தை வாங்கித் தொட்டியிலை போட்டான், உனக்கும் தங்கச்சிக்கும் நிறம் தீட்ட ஈப் படம் போட்ட கடுதாசி தந்தான். உனக்குக் கை குடுத்தான். நீ நிமிர்ந்து இருந்தாய்.

நான் கியரைப் போட்டன், இரண்டு தரம் விழேல்லை. கொஞ்சத் தூரம் ஓடினாப்பிறகு கண்ணாடியாலை உன்னைப் பாத்துச் சொன்னன், "நீ எங்களைக் காட்டிக் குடுத்திட்டாய்" எண்டு. தமிழிலை, மெதுவா. உனக்கு அந்தச் சொல் தெரியாது. அம்மாவிட்டை "அப்பிடியெண்டா என்ன?" எண்டு கேட்டாய். அம்மாவுக்குத் தெரியும். எங்கடை ஆக்களுக்குள்ளை அந்தச் சொல்லை விட மோசமான சொல் இல்லை. அம்மா காலைக் கீழை இறக்கினா. "வாகனத்தை நிப்பாட்டுங்கோ" எண்டா. நிப்பாட்டினன். "ஒன்பது வயசுப் பிள்ளையைப் பாத்து அந்தச் சொல்லைச் சொல்ல உங்களுக்கு எப்பிடி வாய் வந்தது? பழத்துக்கு? கோதாரியிலை போற ஆறு பழத்துக்கு?" எண்டு கேட்டா. நான் கதவைத் திறந்து இறங்கி, நிழலே இல்லாத அந்தச் சிவப்பு மண்ணுக்குள்ளாலை நடந்தன். எங்கை போறன் எண்டு தெரியாது. சாம்பல் நிறப் பத்தையள், வெக்கை, சத்தமே இல்லாத ஒரு வெளி. எவ்வளவு நேரம் நிண்டன் எண்டும் தெரியாது. திரும்பிப் பாக்க, நீ தண்ணிப் போத்திலை இரண்டு கையாலையும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வந்து நிக்கிறாய். "சொறி அப்பா" எண்டாய். "இனிச் சொல்லமாட்டன்" எண்டாய்.

நான் தண்ணியை வாங்கிக் குடிச்சன். உன்னிலை பிழையில்லையடா எண்டு சொல்லேல்லை. இருபத்தெட்டு வருசமா அதை நினைக்கிறன். அந்த நேரம் இரண்டு சொல், அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. போத்தில் மூடியைக்கூட நீதான் பூட்டினாய்.

அங்காலை ஓடின பயணம் எல்லாம் வடிவுதான், அதுதான் கொடுமை. உப்பு வாவியள் பாத்தம், வெள்ளை வெளேரெண்டு, கரை தெரியாமல். வெயிலுக்குப் பயந்து நிலத்துக்குக் கீழை வீடு குடைஞ்சு இருக்கிற ஊரிலை தங்கினம், சுவரைத் தொட்டா மண் குளிரும், தங்கச்சி அதிலை கன்னத்தை வைச்சுக்கொண்டு நிண்டாள். வழியிலை ஒரு பெற்றோல் கடையிலை கிழவி ஒருத்தி உன்னைக் கேட்டாள், பயணம் நல்லாப் போகுதோ எண்டு. நீ பதில் சொல்ல முன்னம் என்ரை முகத்தைப் பாத்தாய். நான் தலையை ஆட்டினாப் பிறகுதான் "ஓம்" எண்டாய். அதுதான் முதல் தரம். கடைசியிலை அந்தக் கல்லு மலைக்கு முன்னாலை நிண்டம். பொழுது சாயுது, மலை ஒவ்வொரு நிமிசமும் நிறம் மாறுது, சனமெல்லாம் மூச்சடக்கி நிக்குது. உனக்கு வடிவாயிருக்கோ எண்டு கேட்டன். நீ மலையைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தாய், என்ன சொல்லவேணும் எண்டு.

அண்டையிலை இருந்து நீ எங்களுக்கு ஒரு உண்மையும் நேரத்துக்குச் சொன்னதில்லை, தம்பி. பொய் சொன்னாய் எண்டு சொல்லேல்லை. சொல்லாமல் விட்டாய். லைசென்ஸ் ரெஸ்றிலை இரண்டு தரம் பெயிலானது டூட்டிங்கிலை உன்ரை மாமி சொல்லித்தான் தெரியும். எஞ்சினியரிங் படிக்கப் போய் இரண்டாம் வருசம் கணக்கியலுக்கு மாறினது, பட்டமளிப்புக்கு வந்து பேப்பரைப் பாத்துத்தான் தெரியும். நான் பக்கத்திலை இருந்த ஆளிட்டை என்ரை மகன் எஞ்சினியர் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தனான், மானம் போச்சு. சுபாவை நாலு வருசம் 'ஒரு ஃபிரெண்ட்' எண்டனீ. கத்தரிக்காய் உனக்குத் துப்பரவாப் பிடிக்காது எண்டு சுபா கலியாணம் முடிஞ்சு வந்துதான் சொன்னாள். அம்மா உனக்கெண்டு இருபது வருசமா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் பொரிச்சுக் குழம்பு வைச்சவ, நீயும் திண்டு தொலைச்சனீ. அதுக்கெல்லாம் நான் உன்னைப் பேசியிருக்கிறன். "என்ன மறைவு, என்ன மறைவு, இவன் ஆரைக் கொண்டு பிறந்தவன்" எண்டு கத்தியிருக்கிறன். உனக்கு வாயைப் பூட்டினதே நான்தான் எண்டதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி எழுதப்போறது அம்மாவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. ஹோலிலை படமாத் தொங்குற உன்ரை சித்தப்பா, என்ரை தம்பி, காணாமல் போனவர் எண்டு உனக்குத் தெரியும். எப்பிடி எண்டு தெரியாது. எனக்கு அப்ப இருபத்திரண்டு, அவனுக்குப் பத்தொன்பது. நான் மண்ணெண்ணெய் வாங்க சைக்கிளிலை போறன், மதகடியிலை மறிச்சாங்கள். ஆர் எண்டு கேளாதை, அந்தக் காலம் துவக்கு வைச்சிருந்தவனுக்கெல்லாம் ஒரே முகம். ஒருத்தன் நல்ல மரியாதையாக் கேட்டான், தம்பி என்ன செய்யிறார், வீட்டிலையோ எண்டு. அதட்டியிருந்தா நான் உசாராயிருப்பன். அவன் சிரிச்சுக்கொண்டு கேட்டான். "ஓம், வீட்டிலைதான், சோதினைக்குப் படிக்கிறான்" எண்டன். பெருமையாச் சொன்னன், தம்பி. எங்கடை வீட்டிலை கம்பஸுக்குப் போகப்போற முதல் ஆள் அவன். நான் மண்ணெண்ணெயோடை திரும்பி வர, மேசையிலை அவன்ரை கொப்பி விரிச்சபடி கிடந்தது, ஆளில்லை. எங்கடை அம்மா வாறவை போறவை எல்லாரையும் கேட்டா, "ஆர் என்ரை பிள்ளையைக் காட்டிக் குடுத்தது?" என்னையும் கேட்டா. தெரியாது எண்டன். ஊர் ஒரு சைக்கிள் கடைக்காரரைச் சந்தேகப்பட்டுது. அந்தப் பாவி மனிசன்ரை கடைக்கு ஆக்கள் போறதை விட்டினம், அவர் குடும்பத்தோடை ஊரை விட்டுப் போனார். அதுக்கும் நான் வாய் திறக்கேல்லை.

அந்தச் சொல்லை நான் உனக்குச் சொல்லேல்லை எண்டு இப்ப விளங்குதோ? பன்னிரண்டு வருசமா எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த சொல். கண்ணாடியிலை உன்ரை முகம் தெரிஞ்சது, வாயிலை இருந்தது அதிலை போய் விழுந்திட்டுது. இதை நான் நியாயம் எண்டு எழுதேல்லை. அந்த மலையடியிலை, நீயும் தங்கச்சியும் கொஞ்சம் தள்ளிக் கல்லுப் பொறுக்கேக்கை, அம்மாவுக்கு முதல் முதல் இதைச் சொன்னன். அவ அழேல்லை. "இதை இவனுக்கு ஒருநாள் சொல்லிப்போடுங்கோ, இல்லாட்டி அவன் தன்னிலைதான் ஏதோ பிழை எண்டு வளரப்போறான்" எண்டா. பாத்தியே, அப்பவும் சரியாத்தான் சொன்னவ. நான் நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்து, உன்ரை மகளுக்கு ஏழு வயசாப் போச்சு.

நீ ஏன் எங்களுக்குச் சொல்லாமல் இவ்வளவு நாளும் வைச்சிருந்தனீ எண்டு எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பிரஷர், அம்மா தனிய, சொன்னா உடைஞ்சு போவினம், போய் இறங்கினாப் பிறகு மெல்ல மெல்லச் சொல்லுவம் எண்டு நினைச்சிருப்பாய். பாசத்திலைதான் மறைச்சனீ. ஆனா அதுக்காக ஒரு குழந்தையின்ரை நெஞ்சிலை ஒரு வீட்டையே தூக்கி வைச்சு, இதை விழுத்தாமல் பிடி எண்டு சொன்னனீ. அது விழுத்திப்போட்டுது. விழுத்தினதுக்கு ஹோலிலை வைச்சுக் கேட்டனீ. அவள் உன்னைக் காட்டிக் குடுக்கேல்லை, தம்பி. அவள் தன்ரை கட்டிலைப் பற்றித்தான் சொன்னவள். நீ அண்டைக்கு மாம்பழத்தைச் சொன்ன மாதிரி. அதிலை பிழையில்லை. உன்னிலையும் பிழையில்லை. இருபத்தெட்டு வருசம் பிந்திச் சொல்லுறன், கேட்டியே, உன்னிலை பிழையில்லையடா.

நான் உண்மையைச் சொல்லாமல் உன்னட்டைக் கேக்க ஏலாது, அதுதான் இதையும் எழுதுறன். நீங்கள் போறது எனக்கு விருப்பமில்லை. ஒரு துளியும் விருப்பமில்லை. உன்னைப் போகவேண்டாம் எண்டும் சொல்லமாட்டன், எங்கடை அம்மாவை விட்டிட்டு வந்தவன் நான், எனக்கு அந்த வாய் இல்லை. உன்ரை சின்னவன், மாயாவின்ரை தம்பி, எங்களை ஃபோனிலை மட்டும் தெரிஞ்ச ஆக்களா வளரப்போறான் எண்டு நேற்று அம்மா பாத்திரம் கழுவேக்கை அழுதா, நான் ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைச்சன். இவ்வளவும் உண்மை. இதையெல்லாம் தெரிஞ்சுகொண்டும் நீ போகலாம். அங்கை போனா அந்த றோட்டிலை கெதியா ஓடாதை, தண்ணி இரண்டு மடங்கு கொண்டு போ, பிள்ளையள் எப்ப வரும், எப்ப வரும் எண்டு கேட்டா எரிஞ்சு விழாதை, பழம் இருந்தாப் பழம் இருக்கு எண்டு சொல்லு. சிட்னியிலை பெரியப்பாவைப் பாப்பாய். சித்தப்பாவைப் பற்றி ஆர் சொன்னது எண்டு அவருக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டவேணும் எண்டு உனக்குத் தோணினாக் காட்டு. சொல்லாதை எண்டு உன்னட்டை நான் இனி ஒண்டுக்கும் சொல்லமாட்டன்.

சனிக்கிழமை உங்களுக்குப் பிளைட். அதுக்கு முன்னம் வெள்ளிக்கிழமை வேலை முடிய வா. எலிசபெத் லைன் ரெயினிலை வந்தா ஆறு மணிக்குள்ளை வந்திடுவாய். தனிய வராதை, மாயாவைக் கூட்டிக்கொண்டு வா. அவளைப் பக்கத்திலை இருத்தி, எனக்கும் அம்மாவுக்கும் முகத்தைப் பாத்து, "அப்பா, அம்மா, நாங்கள் போறம், திரும்பி வாற எண்ணமில்லை" எண்டு உன்ரை வாயாலை சொல்லு. முன்னமே தெரியும் எண்டு நாங்கள் நடிக்கமாட்டம். அம்மா அழுவா. நானும் அழுவன், கத்தினாலும் கத்துவன், என்ரை குணம் உனக்குத் தெரியும். நீ பயந்து எழும்பிப் போகாதை, பிள்ளையையும் வெளியிலை கூட்டிக்கொண்டு போகாதை. நாங்கள் அழுது முடிச்சு, மூக்கைத் துடைச்சு, தேத்தண்ணி ஊத்திக் குடிக்கும் மட்டும் அவள் அங்கை இருக்கட்டும். உண்மையைச் சொன்னதாலை இந்த வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை எண்டு அவள் தன்ரை கண்ணாலை பாக்கட்டும்.

அப்பா